டீச்சர் டிரெயினிங்கா, பி.எட்.டா, நான்காண்டுப் படிப்பா? தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியராக எந்த வழி யாருக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "பொண்ணு டீச்சர் ஆகணும்னு சொல்றா. ரெண்டு வருஷ டிரெயினிங் போதுமா, டிகிரி படிக்க வச்சு பி.எட். சேர்க்கணுமா?" டிகிரி கடைசி செமஸ்டர் முடிகிற சமயம் பிள்ளைகளே கேட்பார்கள்: "சார், எம்.எஸ்சி. முடிச்சுட்டு பி.எட். போகலாமா, பி.எட். முடிச்சுட்டு எம்.எஸ்சி. போகலாமா?" இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "நாலு வருஷத்துல டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்தே கிடைக்குதாமே?"

மூன்று கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே எதிர்க்கேள்விதான். நீங்கள் எந்த வகுப்பில் நிற்கப் போகிறீர்கள்? மூன்றாம் வகுப்பா, எட்டாம் வகுப்பா, பிளஸ் ஒன்னா? படிப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வகுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் ஐந்து வருடம் கழித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்குத் தகுதி இருக்கா, இல்லையா" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கல்லூரிப் பெயரையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நான் பார்ப்பவை இவை.

முதலில், அந்தச் சான்றிதழ் எந்த வகுப்புகளுக்குச் செல்லும். அடுத்து, பிளஸ் டூவுக்குப் பிறகு எத்தனை ஆண்டு, அதில் வருமானமே இல்லாத ஆண்டுகள் எத்தனை. மூன்றாவது, படிப்பு முடிந்தபின் எந்தத் தேர்வைத் தாண்ட வேண்டும், அந்தத் தேர்வு எவ்வளவு அடிக்கடி வருகிறது. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியாக, நடுவில் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா.

சம்பளத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது எதிர்பார்க்கிற இடத்தில் உயர்வதில்லை என்பதைக் கீழே உள்ள அட்டவணையே காட்டும்.

| வழி | பிளஸ் டூவுக்குப் பின் | எந்த வகுப்பு | தகுதித் தேர்வு | மாநில அரசுப் பள்ளியில் தொடக்க அடிப்படை ஊதியம் |
|---|---|---|---|---|
| தொடக்கக் கல்விப் பட்டயம் (டி.எல்.எட்.) | 2 ஆண்டு | 1 முதல் 5 | டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள் | ரூ. 20,600 |
| பட்டம் + பி.எட். | 5 ஆண்டு | 6 முதல் 10 | டெட் இரண்டாம் தாள் | ரூ. 36,400 |
| நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு | 4 ஆண்டு | சேரும் பிரிவைப் பொறுத்தது | டெட், பிரிவுக்கேற்ற தாள் | பணியிடத்தைப் பொறுத்தது |
| முதுகலை + பி.எட். | 7 ஆண்டு | 11, 12 | டெட் வேண்டாம், டி.ஆர்.பி. தேர்வு மட்டும் | ரூ. 36,900 |

இது அடிப்படை ஊதியம் மட்டும். அகவிலைப்படியும் மற்றப் படிகளும் இதன்மேல் சேரும்.

கடைசி வரிசையைக் கவனியுங்கள். முதுகலைக்காகக் கூடுதலாக இரண்டு ஆண்டு செலவழித்தவருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் தொடக்கத்தில் 500 ரூபாய்தான் வித்தியாசம். பெரிய பள்ளம் இருப்பது முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே. முதல் வரிசையில் வரும் இடைநிலை ஆசிரியர்கள், அதாவது ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவர்கள், "சம வேலைக்குச் சம ஊதியம்" கேட்டு ஆண்டுதோறும் சென்னைக்கு வருவது வேறொரு பள்ளத்துக்காக. 2009 ஜூன் 1-க்கு முன்பு சேர்ந்த சக ஆசிரியர்களுக்கும் அதன்பிறகு சேர்ந்த தங்களுக்கும் இடையே உள்ள ஊதிய வேறுபாட்டைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

## டி.எல்.எட்.: சீக்கிரம் முடியும், சின்ன வகுப்பு மட்டும்

ஊரில் இன்னும் "டீச்சர் டிரெயினிங்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய டி.டி.எட்.டின் இன்றைய பெயர் இது. பல்கலைக்கழகப் படிப்பு அல்ல, பட்டயம். சேர்க்கையை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது, தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் செலவு மிகக் குறைவு.

பட்டப் படிப்புகளை ஒப்பிடும் இடத்தில் இதை ஏன் கொண்டுவருகிறேன் என்றால், ஒன்று முதல் ஐந்து வரை நிற்க விரும்புகிறவருக்கு பி.எட். இப்போது உதவாது. 2018 ஜூன் 28 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பி.எட். முடித்தவரும் தொடக்க வகுப்புக்கு வரலாம், சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. அதை நம்பி நாடு முழுக்கப் பலர் காத்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், பி.எட். தொடக்க வகுப்புக்கான தகுதி ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தரும் பயிற்சி வேறு, பதினாலு வயதுக்கு இயற்கணிதம் சொல்லித்தரும் பயிற்சி வேறு என்பதுதான் அதன் சாரம். வகுப்பறையில் நின்ற யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? டி.எல்.எட்.டோடு நிறுத்திக்கொண்டால் கையில் பட்டம் இல்லை. பட்டம் கேட்கும் வேறு எந்த வேலைக்கும், வங்கித் தேர்வோ குரூப் டூவோ, விண்ணப்பிக்க முடியாது. அதனால் பட்டயத்தோடு நிற்காமல், அஞ்சல் வழியிலாவது ஒரு பட்டத்தைத் தொடர வேண்டியிருக்கும். அந்தக் கட்டணத்தையும் காலத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் இந்த வழிக்குள் பலர் பார்க்காத ஒரு கதவு உண்டு. தொலைநிலையில் பி.எட். படிக்க எல்லோருக்கும் அனுமதி இல்லை. பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கக் கல்வி ஆசிரியருக்கும், ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவருக்கும் மட்டுமே அனுமதி. டி.எல்.எட்.டை நேரடி வகுப்பில் முடித்தவர் அந்த இரண்டாவது கூட்டத்தில் சேருகிறார். ஆக, டி.எல்.எட். முடித்து ஏதாவதொரு பள்ளியில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டத்தையும் பி.எட்.டையும் தொலைநிலையில் முடிக்கலாம். மொத்த ஆண்டுகள் கூடும். வருமானம் இல்லாத ஆண்டுகள் இரண்டோடு நின்றுவிடும். வீட்டில் ஐந்து வருடம் படிக்க வைக்கிற நிலை இல்லை என்றால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கேந்திரிய வித்யாலயாவையும் மனதில் வையுங்கள். அங்கே தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 35,400. மாநில இடைநிலை ஆசிரியரின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதற்கு மத்திய அரசின் சி-டெட் வேண்டும். அது வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. தமிழை மொழித்தாளாக எடுக்கலாம், ஆனால் கணிதம், சூழ்நிலையியல், குழந்தை உளவியல் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் சறுக்குவது இங்கேதான். நவோதயா பள்ளியைப் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அது இல்லை, வெளி மாநிலம் போகத் தயாரென்றால் மட்டும் யோசியுங்கள்.

## பட்டம் + பி.எட்.: பலரும் போகும் பாதை, பாடத்தில்தான் பள்ளம்

மூன்று ஆண்டுப் பட்டம், பிறகு இரண்டு ஆண்டு பி.எட். என்.சி.டி.இ.யின் 2014 நெறிமுறைகளால் 2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டானது. அதற்கு முன்பு ஓர் ஆண்டுதான். 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் மாநிலத்தின் பி.எட். கல்லூரிகள் வருகின்றன. சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், குமாரபாளையம், புதுக்கோட்டை, ஒரத்தநாடு போன்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கலந்தாய்வு நடக்கும். மீதி எல்லாம் சுயநிதி. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. சுயநிதியில் கல்விக் கட்டணத்தோடு ரெக்கார்டு, சீருடை, களப்பயணம் என்று ஒவ்வொன்றாக வரும்.

இந்த வழியில் முதல் பள்ளம் பி.எட்.டில் இல்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, டிகிரி சேரும் அன்றே இருக்கிறது.

வணிகவியலையோ பொருளியலையோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புவரை இவை தனிப்பாடமாக இல்லை. ஆகவே பி.காம். மட்டும் முடித்தவர் தமிழ்நாட்டில் பி.எட். சேர முடியாது, எம்.காம். முடித்திருக்க வேண்டும். பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், தத்துவம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "பி.காம்., பி.எட்." என்று ஐந்து வருடக் கணக்குப் போட்டவருக்கு அது ஏழு வருடமாகிவிடும்.

கணினி இன்னும் சிக்கல். பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கணினி அறிவியலோ வைத்துக்கொண்டு பி.எட். சேர இடம் கொடுப்பார்கள். அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் பாடம் 11, 12-ஆம் வகுப்பில்தான். அந்தக் கணினி பயிற்றுநர் பணிக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். ஆக, பி.சி.ஏ., பி.எட். என்பது படிக்க முடிந்த படிப்பு, அரசுப் பணியிடம் இல்லாத படிப்பு.

மூன்றாவதாக, உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், பயன்பாட்டு இயற்பியல் போன்ற புதுப்பெயர்ப் பட்டங்கள். பி.எட். சேர்க்கைக்கு ஏற்றுக்கொள்வது ஒன்று, அரசுப் பணிக்கு "இணையான பட்டம்" என்று ஏற்றுக்கொள்வது இன்னொன்று. பின்னதற்குத் தனி அரசாணை வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் அந்த அரசாணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை போய்த் திரும்புவீர்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று நேர்ப்பெயரில் இருக்கும் பட்டங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆசிரியர் வேலைதான் என்று முடிவு செய்தவருக்கு நேர்ப்பெயர் பட்டமே நல்லது, கேட்க எவ்வளவு பழசாக இருந்தாலும்.

பி.எட்.டுக்குள் என்ன நடக்கும்? விதிப்படி பாட வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டு ஆண்டில் இருபது வாரம் பள்ளிகளில் கழிக்க வேண்டும், அதில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில். முதலில் மைக்ரோ டீச்சிங். சக மாணவர்களையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துக்கொண்டு ஆறேழு நிமிடம் ஒரே ஒரு திறனை, கேள்வி கேட்பதையோ கரும்பலகையில் எழுதுவதையோ, செய்து காட்ட வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். அடுத்து நிஜப் பள்ளி. முந்தைய இரவே பாடத்திட்டக் குறிப்பு எழுதி, 'ஆர்வமூட்டல்' என்ற தலைப்பின் கீழ் என்ன கேட்பேன், பிள்ளை என்ன சொல்லும் என்பதுவரை எழுதி, காலையில் வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வகுப்புக்குள் போக முடியும். பிள்ளைகள் எழுதி வைத்த பதிலைச் சொல்லாதபோது என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பயிற்சி தொடங்குகிறது.

இதற்கு மேல் உளவியல் ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயல் ஆராய்ச்சி, கற்பித்தல் துணைக்கருவி என்று எழுதித் தள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் பாதி நேரம் கோந்து, சார்ட், ஸ்கெட்ச் பேனாவோடுதான் போகும். இந்த இரண்டு ஆண்டில் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒன்று அவர் தூங்குவதில்லை, இல்லையென்றால் அவருடைய கல்லூரி வருகைப் பதிவேட்டை நிஜமாக நடத்துவதில்லை. இரண்டு ஆண்டு வருமானம் இழப்பது இதன் உண்மையான கட்டணம்.

பொறியியல் முடித்தவர்களும் வரலாம். அவர்களுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் 55 சதவீதம், மற்றவர்களுக்குப் பொதுவாக 50. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

## நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு: ஓர் ஆண்டு மிச்சம்

2020 தேசியக் கல்விக் கொள்கை 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்தை ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதியாக்கப் போவதாகச் சொன்னது. அதன்படி வந்தது ஐ.டி.இ.பி. எனப்படும் படிப்பு. 2021 அக்டோபரில் அறிவிக்கை வந்தது, 2023-24-ல் முதல் அணி சேர்ந்தது. பி.ஏ., பி.எட்., பி.எஸ்சி., பி.எட்., பி.காம்., பி.எட். என்று இரட்டைப் பட்டம். சேர்க்கைக்கு தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வு, தமிழிலும் எழுதலாம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: இது அடித்தள நிலை, ஆயத்த நிலை, நடுநிலை, உயர்நிலை என்று பிரிவு பிரிவாகத் தரப்படுகிறது. பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதிலேயே எந்த வகுப்புக் குழந்தைகளோடு நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்யச் சொல்கிறது. அது சரியான கேள்விதான், கேட்கும் வயதுதான் கொஞ்சம் சீக்கிரம்.

நம்மூர்க்காரர்களுக்கு இந்த வகைப் படிப்பு புதிதல்ல. மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்காகப் பல பத்தாண்டுகளாக நான்காண்டு பி.எஸ்சி., எட். நடத்தி வந்தது. அங்கே படித்து வந்தவர்களைப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். பாடத்தையும் கற்பித்தலையும் நான்கு ஆண்டும் சேர்த்துப் படித்ததால், "நியூட்டனின் மூன்றாம் விதியை எப்படிச் சொன்னால் பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்" என்பதுவரை யோசித்திருப்பார்கள். தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இந்த முடிச்சு வேலைக்குப் போய்ச் சில ஆண்டு கழித்துத்தான் விழும். அருகிலேயே என்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. இடங்கள் கொஞ்சம், ஆகவே பெரும்பாலானோருக்கு விடுதிச் செலவு நிச்சயம். நடுவில் ஆசிரியர் வேலை பிடிக்கவில்லை என்று தோன்றினால் வெறும் பி.எஸ்சி.யோடு வெளியே வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சேராதீர்கள். முதல் அணி 2027-ல்தான் வெளியே வருகிறது. தமிழகத்தின் பணி விதிகளில் இந்தப் பட்டம் ஒவ்வொரு பணியிடத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பது அந்தந்த டி.ஆர்.பி. அறிவிப்பில்தான் தெளிவாகும். கேந்திரிய வித்யாலயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகளைக் குறிவைப்பவருக்கு இந்தக் கவலை குறைவு.

யாருக்குச் சரி? பிளஸ் டூவிலேயே ஆசிரியர்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு, வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் சம்மதம் உள்ளவருக்கு. "எதுக்கும் ஒரு பி.எட். இருக்கட்டும்" என்பவருக்கு இது பொருந்தாது.

## முதுகலை + பி.எட்.: எது முதலில்?

500 ரூபாய் வித்தியாசத்துக்காக யாரும் எம்.எஸ்சி. படிக்க வேண்டாம். முதுகலையின் மதிப்பு இன்னொரு வாசல் திறப்பதில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் வரம்பு எட்டாம் வகுப்புவரை என்பதால் 11, 12-க்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கிடையாது. நேராக டி.ஆர்.பி. போட்டித் தேர்வு. பட்டமும் பி.எட்.டும் பொருந்தினால் அதே நபர் டெட் இரண்டாம் தாள் எழுதிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் போட்டியிடலாம். ஓர் அறிவிப்பு வராத ஆண்டில் மற்றொன்று வரக்கூடும்.

நிபந்தனை: இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு ஆசைக்காக எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர் முதுகலை ஆசிரியர் தேர்வில் இரண்டு பக்கமும் சேராமல் நிற்பார்.

வரிசை விஷயத்தில் என் கருத்து: வீட்டுக்கு வருமானம் சீக்கிரம் வேண்டுமென்றால் பி.எட். முதலில். ஐந்தாம் ஆண்டு முடிவில் பள்ளியில் நிற்கலாம், முதுகலையைத் தொலைநிலையில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதத்துக்கு இது எளிது. ஆய்வகம் வேண்டிய இயற்பியல், வேதியியலுக்கு எளிதல்ல, அவர்கள் எம்.எஸ்சி.யை நேரடியாக முடித்துவிட்டு பி.எட். போவதே நல்லது. கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆசையும் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் முதுகலை முதலில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுத வசதி.

"ஒரு வருஷ பி.எட். திரும்ப வருதாமே, காத்திருக்கட்டுமா?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவில் ஓராண்டு பி.எட். இருந்தது உண்மை. அது நான்காண்டுப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும். மூன்றாண்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

## தொலைநிலை பி.எட்.

இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. மேலே சொன்னபடி, பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவருக்கோ முன்பே நேரடி ஆசிரியர் பயிற்சி முடித்தவருக்கோதான் இது. தனியார் பள்ளியில் பயிற்சி இல்லாமல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் பட்டதாரிக்கு இது கிடையாது. "அனுபவச் சான்றிதழ் வாங்கித் தந்தால் போதும்" என்று சொல்லும் இடைத்தரகர் உங்கள் பணத்தோடு உங்கள் சான்றிதழின் மதிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

## சிறப்புக் கல்வி பி.எட்.

இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பு. செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு என்று பிரிவு உண்டு. கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால்தான் பணி செய்யலாம். பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனம் இருப்பவர் மட்டும் வாருங்கள், கூட்டம் குறைவு என்பதற்காக வர வேண்டாம்.

## படிப்புக்கு அப்பால் நிற்கும் கதவு

எந்தப் பட்டமும் உங்களை வகுப்பறையின் வாசல்வரைதான் கொண்டுவரும். தமிழ்நாட்டில் டெட் நடந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்கிறேன்: 2012, 2013, 2017, 2019, பிறகு 2022 அக்டோபரில் முதல் தாளும் 2023 பிப்ரவரியில் இரண்டாம் தாளும், அதன்பின் 2025 நவம்பர். இடைவெளிகளைப் பாருங்கள். 2013-ல் தவறவிட்டவர் நான்கு ஆண்டு காத்திருந்தார். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்விலோ எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, அக்டோபரில் மறுபடி நடத்த வேண்டியிருந்தது. 150-க்கு 90 என்பது பொதுப்பிரிவின் தேர்ச்சி எல்லை. ஆறுதலாக ஒன்று, ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்த தேர்ச்சிச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

டெட் தேறினால் வேலை என்ற காலமும் போய்விட்டது. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அது 2024 பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலையிலும்தான் நடந்தது. அதோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் கையில் என்ன இருக்கும்? பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அரசுப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தால் மாதத் தொகுப்பூதியம் இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 என்ற அளவில் தந்தார்கள். கல்வியாண்டு முடிந்தால் அதுவும் முடியும். தனியார் பள்ளி என்றால் பள்ளிக்குப் பள்ளி மாறும், பல இடங்களில் இதைவிடக் குறைவு. இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியுமா என்பதுதான் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு வருடம் அதிகம் படித்தாலும் இரண்டு தேர்வு எழுத முடிகிற ஏழாண்டு வழி சிலருக்கு ஐந்தாண்டு வழியைவிடப் பாதுகாப்பாகத் தெரிவது இதனால்தான்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. பதவி உயர்வுக்கும் டெட் தேவை என்றது. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து பதவி உயர்வில் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம் என்று நினைப்பவர் இரண்டாம் தாளையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

## உங்கள் நிலை எது

பிளஸ் டூ முடித்து, சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிடித்து, வீட்டில் நெருக்கடி என்றால் டி.எல்.எட்., கூடவே தொலைநிலைப் பட்டம். ஆசிரியர்தான் என்ற உறுதி, வெளியூர் போக வசதி, நுழைவுத் தேர்வுக்குத் துணிவு எல்லாம் இருந்தால் ஐ.டி.இ.பி. எழுதிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நேர்ப்பெயர் பட்டத்தில் சேர்ந்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை. இன்னும் உறுதி வராதவருக்கு மூன்றாண்டுப் பட்டமே பாதுகாப்பு. அது வேறு எங்கும் செல்லும், பி.எட். முடிவை மூன்றாண்டு தள்ளிப் போடலாம். வணிகவியல், பொருளியல், கணினிக்காரர்களுக்கு முதுகலை தவிர வேறு வழியில்லை, ஆகவே ஏழாண்டு என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். திருமணமாகி, பட்டத்தோடு வீட்டில் இருந்து, முப்பதுக்கு மேல் திரும்பி வருகிற பெண்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்களுக்கு நேரடி பி.எட்.தான். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி என்பதை மட்டும் பார்க்காமல், பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், காலை எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். இரண்டாம் ஆண்டில் உங்களை நிறுத்தப் போவது பாடம் அல்ல, அந்தப் பேருந்து நேரம்.

பணம் கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தில் மூன்று தாளைக் கேளுங்கள்: என்.சி.டி.இ. அங்கீகார ஆணை, இந்தக் கல்வியாண்டுக்கான பல்கலைக்கழக இணைப்பு ஆணை, அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. ஐம்பது இடத்துக்கு அனுமதி வாங்கி எழுபது பேரைச் சேர்த்த இடத்தில் கடைசி இருபது பேரின் தேர்வு நுழைவுச்சீட்டு வராமல் போகலாம். "வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர் எதிரில் உட்கார்ந்திருந்தால், அந்த மூன்று தாளையும் கேட்காமலேயே எழுந்து வந்துவிடலாம்.